சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போட்ட 5 புள்ளியைத் திருப்பி எடுக்கிறேன்

திருகோணமலை உப்புவெளியில் பதினாறு அறை உள்ள ஒரு கடற்கரை விடுதியில் நான் மேற்பார்வையாளர். அறைகள், குசினி, வரவேற்பு மேசை மூன்றும் என் தலையில்தான். அதற்கு முதல் டுபாயில் ஆறு வருசம் ஹவுஸ்கீப்பிங். பயிற்சி என்ற பெயரில் நான் குந்தியிருந்த மண்டபங்களுக்குக் கணக்கில்லை. போன சீசனில் எங்கள் ஆட்களுக்கு இரண்டு இடத்தில் காசு கட்டிப் பயிற்சி எடுப்பித்தோம். இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன். பெயர்கள் போடவில்லை. முதலாவது நிறுவனத்தின் பெயரைப் போட்டால் தேவையில்லாத சண்டை. இரண்டாவது ஒரு தனி ஆள், ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சிப் போதனாசிரியர், உவர்மலைப் பக்கம் வீடு. அவரே பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருக்கிற வேலைக்கே நாள் காணாதாம்.

எங்கள் ஊர் சீசனைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாரி மழை ஓய்ந்து, கடல் அடங்கி, புறாத்தீவுக்குப் படகு ஓடத் தொடங்கினால்தான் எங்களுக்கு ஆட்கள் வருவார்கள். சித்திரை முதல் புரட்டாதி வரை மூச்சு விட நேரமிருக்காது. ஐப்பசி பிறந்தால் ஆளில்லாத கடற்கரையில் நாய்கள் மட்டும் படுத்திருக்கும். அதனால் ஒவ்வொரு பங்குனியிலும் பாதிப்பேர் புதுமுகம். மூதூர், கிண்ணியா, சாம்பல்தீவு, சேருவில என்று நாலு பக்கமும் இருந்து வருவார்கள். சொல்லிக்கொடுப்பது எங்களுக்கு வருசா வருசம் வருகிற செலவு.

முதலாவது பயிற்சி பங்குனியில், ஒரு சனிக்கிழமை. கொழும்பிலிருந்து வந்தார்கள். டவுனில் மண்டபம், காலை 8.30 தொடக்கம் 4.30 வரை. பத்தொன்பது பேரையும் அனுப்புவதற்காக அன்றைக்கு விடுதியையே பூட்டினோம். கட்டணம் 185,000 ரூபாய், மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து. பத்து மணிக்கு ரோல்ஸும் பற்றீஸும் தேத்தண்ணியும். மத்தியானம் கோழிக்கறியோடு சோற்றுப் பார்சல். உண்மையைச் சொல்லவேண்டும், சாப்பாடு திறம்.

பயிற்றுநரும் திறமான பேச்சுக்காரர். பலூன் ஊதி உடைக்கிற விளையாட்டில் எங்கள் சேருவிலப் பிள்ளை சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழுந்தே விட்டாள். திரையில் 112 படம் ஓடியது. எண்ணினது நான், மத்தியானத்துக்குப் பிறகு செய்ய வேறு வேலை இருக்கவில்லை. உணவுப் பாதுகாப்பு, இரசாயனங்கள், விருந்தினரோடு கதைக்கிற முறை, தீ அணைப்பது, அழுக்குத் துணி பிரிப்பது, எல்லாம் அந்த ஒரே நாளுக்குள். கடைசியில் ஒரு படிவம் தந்து 1 முதல் 5 வரை புள்ளி போடச் சொன்னார்கள். நான் எல்லாவற்றுக்கும் 5 போட்டேன். குளிர் அறையில் இருந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, சிரித்து, கூட்டமாகப் படமும் எடுத்த பிறகு எவர்தான் 2 போடுவார்? பெயர் அச்சடித்த சான்றிதழ் ஆளுக்கொன்று. அவற்றை விறாந்தைச் சுவரில் வரிசையாக மாட்டினோம். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

மூன்று கிழமை கழித்து, சித்திரை வருசத்துக்கு அடுத்த நாள், மத்தியானம் சூரைமீன் சாப்பிட்ட ஒரு வெளிநாட்டு அம்மாவுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் முகமும் கழுத்தும் செக்கச்சிவந்து போனது. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு. நானே ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் பார்த்தவுடனேயே கேட்டார்: “என்ன மீன்? எவ்வளவு நேரம் வெளியில கிடந்தது?” ஒவ்வாமைக்குக் கொடுக்கிற குளிசையில் பின்னேரத்துக்குள் சுகமாகிவிட்டது. ஆனால் எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை.

சூரை போன்ற மீனைச் சூட்டில் போட்டு வைத்தால் அதில் ஹிஸ்டமின் என்ற சாமான் ஊறிவிடும். பொரித்தாலும் அவித்தாலும் அது அழியாது. மணம் மாறாது, ருசியும் பெரும்பாலும் மாறாது. இது முழுவதும் அந்தச் சனிக்கிழமை 41ஆவது படத்திலோ 42ஆவது படத்திலோ இருந்தது. எனக்கே ஞாபகம் இருந்தது, படத்தின் மூலையில் ஒரு சிவப்பு மீன் வரைந்திருந்தார்கள்.

மூதூர்ப் பெடியனைக் கூப்பிட்டு, குளிரில் வைக்கிற சாப்பாடு எத்தனை டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும் என்று கேட்டேன். “5 டிகிரி அக்கா. சூடாக வைக்கிறதெண்டா 60க்கு மேல. நடுவில ஆபத்து வலயம்.” ஒரு எழுத்துப் பிசகவில்லை. “அப்ப காலையில வந்த சூரையை ஏன் வெட்டுற மேசையில அவ்வளவு நேரம் விட்டாய்?” பெடியன் என்னைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான். “அது... நானா வந்து வெட்டுவார் எண்டு வைச்சது அக்கா.” நானா என்றது எங்கள் பெரிய சமையல்காரரை.

அவன் மறக்கவில்லை. 5ம் 60ம் தலைக்குள் பத்திரமாக இருந்தன, மண்டபத்துத் திரையில் கண்ட அதே கோலத்தில். எங்கள் குசினி மேசையில் கிடக்கிற மீனும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்று அவனுக்கு ஒருவரும் காட்டியிருக்கவில்லை. அந்த 185,000 ரூபாய் எங்கே போனது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு ஆள் விசாரித்து, மேலே சொன்ன உவர்மலைப் போதனாசிரியரைப் பிடித்தேன். எங்களுக்கு அவர் மிஸ். முதல் தொலைபேசி அழைப்பிலேயே, எந்த நாளில் எத்தனை மணித்தியாலம் வேண்டும் என்று நான் கேட்க, அவர் திருப்பிக் கேட்டார்: “உங்கட ஆக்கள் இப்ப என்ன பிழை விடுகினம்? அதைச் சொல்லுங்கோ முதல்.” முறைப்பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு நாள் ஸ்கூட்டியில் வந்து, குசினி மூலையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு ஒரு கொப்பியில் எழுதியபடி இருந்தார். ஒரு சொல் பேசவில்லை. பெடியள் பயந்தே போனார்கள், சுகாதாரப் பரிசோதகர் என்று நினைத்து.

மூன்றாம் நாள் என்னிடம் சொன்னது இதுதான்: “ஐஸ் பெட்டி பின் விறாந்தையில இருக்கு. மீன் வாற வாசல் முன்னால. பெடியன் மீனை வாங்கி, நடந்து போய், மூடியைத் திறந்து, மேல கிடக்கிற சோடாப் போத்தல் எல்லாத்தையும் எடுத்து, பிறகு மீனை வைக்கவேணும். அவன் வைக்கமாட்டான். நான் நாலு கிழமை படிப்பிச்சாலும் வைக்கமாட்டான். பெட்டியை இஞ்சால கொண்டு வாங்கோ. ஃபிரிட்ஜில இருக்கிற வெப்பமானியும் செத்துப்போச்சு, புதுசு வாங்குங்கோ. இது ரெண்டுக்கும் நான் காசு எடுக்கேல்லை, ஏனெண்டா இது பயிற்சி இல்லை, உங்கட பிழை.”

நாக்கைப் பிடுங்கின மாதிரி இருந்தது. ஆனால் பெட்டியை அன்றைக்கே நகர்த்தினேன். சேவைக்கு விமர்சனம் எழுதுகிற இடத்தில் இதைத்தான் முதலில் எழுதவேண்டும்: விற்கத் தேவையில்லாத பாடத்தை விற்காத ஆள்.

பயிற்சி ஆறு செவ்வாய்க்கிழமை. பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கி 3.45க்கு முடியும். அந்த நேரம் அறை வேலையும் ஓய்ந்திருக்கும், இரவுச் சமையலும் தொடங்கியிராது. விடுதியைப் பூட்டத் தேவையில்லை. ஒரு தடவையில் எட்டுப் பேருக்கு மேல் எடுக்கமாட்டார். திரை இல்லை, படம் இல்லை. மீன் பாடம் மீன் மேசையில், வாளிப் பாடம் கழுவுகிற இடத்தில்.

முதல் செவ்வாய் சரியாகப் போகவில்லை. எங்கள் பெரிய சமையல்காரர் கிண்ணியா நானா, முப்பது வருசமாகக் கரண்டி பிடிக்கிறவர். பெடியளுக்கு முன்னால் அவரிடம் மிஸ் கேட்டார், மீன் பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று. நானா கண், செவுள், வயிறு எல்லாம் சொல்லி, “மணத்திலயே எனக்குத் தெரிஞ்சிடும் மிஸ்” என்றார். “இந்த நஞ்சுக்கு மணம் இல்லை நானா” என்று மிஸ் வெட்டிவிட்டார். நானாவின் முகம் கறுத்துப் போனது. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அஸர் தொழப் போனவர், பாடம் முடியும்வரை திரும்பி வரவில்லை. எவ்வளவு அனுபவமுள்ள ஆளாக இருந்தாலும் வயதில் மூத்தவரைச் சின்னவர்களுக்கு முன்னால் அப்படித் திருத்தியிருக்கக்கூடாது. நான் மிஸ்ஸிடம் நேரே சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் அவர் செய்ததைத்தான் பார்த்துக்கொண்டே நின்றேன். பாடத்தை நானாவிடமே கொடுத்துவிட்டார். “நல்ல மீன் தெரியிறது எப்பிடி எண்டு இவைக்கு நீங்களே காட்டுங்கோ.” நானா செவுளைத் தூக்கி இரத்தச் சிவப்பைக் காட்டினார். முதுகில் பெருவிரலால் அமத்தி, சதை திரும்பி எழும்புவதைக் காட்டினார். ஒவ்வொருவரும் அமத்திப் பார்த்தார்கள். பிறகு மிஸ் ஊசி வெப்பமானியை நானாவின் கையில் கொடுத்தார். திருக்கடலூரிலிருந்து அன்று காலை வந்த இரண்டு சூரை. ஒன்று ஐஸுக்குள். மற்றதை வேண்டுமென்றே மேசையில் விட்டிருந்தார். நானா ஐஸ் மீனில் குத்தினார்: 3. மேசை மீனில் குத்தினார்: 26. இரண்டு மீனும் பார்வைக்கு ஒன்றுதான். நானா மேசை மீனை மணந்து பார்த்தார். திரும்பவும் மணந்தார். வெப்பமானியைத் துடைத்து மேசையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு, மீன்காரர் மோட்டார்சைக்கிளை நிறுத்த முதலே “டேய், ஐஸ் எங்கடா!” என்று குசினியில் குரல் கேட்டது. மிஸ்ஸின் குரல் இல்லை. மேசையில் விட்ட மீனை மிஸ் தானே குப்பையில் போட்டார். அதன் விலை என் கணக்கில்.

ஒவ்வொரு செவ்வாயும் முதல் பத்து நிமிசம் கேள்வி. போன கிழமைப் பாடத்திலிருந்து, கொப்பி பார்க்காமல். தெரியாவிட்டால் பரவாயில்லை, யோசித்துப் பிழையாகவாவது சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் சரியான விடை. அறைப் பிள்ளைகளுக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. “பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு அக்கா” என்று முறைப்பாடு. அதே கேள்வி உடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். கக்கூஸ் கழுவுகிற அசிட்டையும் பிளீச்சையும் ஒரே வாளியில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும் என்பது ஒரு பாடம். ஒரு கிழமை “இந்த ரெண்டு போத்தலும் ஏன் வேற வேற தட்டில இருக்கு?” என்று கேட்பார். அடுத்த கிழமை “7ஆம் அறையில அசிட் போட்டுக் கழுவிப்போட்டாய், மஞ்சள் கறை போகேல்லை, இப்ப என்ன செய்வாய்?” பிளீச் ஊற்றுவேன் என்று சேருவிலப் பிள்ளை சொன்னாள். சொன்ன வாயைத் தானே கையால் பொத்தினாள். அந்தப் பிழையை இனி அவள் சாகும்வரை செய்யமாட்டாள்.

செய்து காட்டுவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் தான் செய்வார். பிறகு பிள்ளை செய்யவேண்டும். பிறகு அந்தப் பிள்ளையே அவருக்குச் சொல்லிக்கொடுத்துச் செய்விக்கவேண்டும், ஏன் அப்படி என்றும் சொல்லவேண்டும். கடைசியில் தனியே விட்டுவிட்டு இடைக்கிடை வந்து பார்ப்பார். இது தன்னுடைய கண்டுபிடிப்பு இல்லை, இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அமெரிக்காவில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வந்த புது ஆட்களைப் பழக்கிய முறை இது என்றார். வேலை தெரிந்தவர்களெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட, வேலையே தெரியாதவர்களைக் கெதியாகப் பழக்கவேண்டிய அவசரம். பங்குனி மாதத்து எங்கள் நிலைமையும் அதுதானே.

மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கிறாள். வீட்டில் நான் இந்தக் கதைகளைச் சொல்லச் சொல்ல அவள் தேடித் தந்த இரண்டு மூன்று விசயம் எனக்கு நிறைய விளக்கியது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பகுதியினர் அதைத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிசத்தில் சோதித்தால் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னுக்கு: அவர்கள் 81 வீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75 வீதம். ஒரு கிழமை கழித்துச் சோதித்தால் தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. என்னுடைய 5 புள்ளி அந்த ஐந்து நிமிசக் கணக்கு. 4.30க்குப் படிவத்தைக் கையில் தந்தால் எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருக்கும். 1959இலேயே கேர்க்பற்றிக் என்ற பேராசிரியர் பயிற்சியை நாலு படியாக அளக்கச் சொன்னாராம்: பிடித்ததா, படித்தார்களா, வேலையில் மாறினார்களா, அதனால் பலன் வந்ததா. சனிக்கிழமைப் படிவம் முதல் படியிலேயே ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டது.

இன்னொன்று. கொழும்புக்காரர் ஒரு கூம்பு காட்டினார்: வாசித்தால் 10 வீதம், கேட்டால் 20 வீதம், செய்தால் 90 வீதம் ஞாபகம் இருக்குமாம். நானும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். மகள் சிரிக்கிறாள். எட்கர் டேல் என்பவர் 1946இல் வரைந்த கூம்பு அது, அவர் அதில் ஒரு வீதமும் போடவில்லை, பின்னால் யாரோ ஒட்டினது என்றாள். மறதியை உண்மையாக அளந்தவர் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர், 1885இல். அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, தானே மறந்து, திரும்பப் பாடமாக்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கு வைத்தாராம். ஒரு நாள் போனால் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அந்த மனுசனுக்குப் பதினாறு அறைக்குப் படுக்கை விரிக்கிற வேலையும் இருந்திருந்தால் அதுவும் மிஞ்சியிராது.

மிஸ்ஸின் குறைகளையும் சொல்லவேண்டும். எழுத்தில் ஒன்றும் விட்டுவிட்டுப் போகமாட்டார். ஆடியில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய், புதிதாக இரண்டு பேர் வந்தபோது என் கையில் ஒரு துண்டுத்தாள் இருக்கவில்லை. நானாவும் மூதூர்ப் பெடியனும் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் தப்பினேன். ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டக்கூடியதாகத் தந்தால் என்ன? கேட்டேன். “ஒட்டினா வாசிக்கமாட்டினம்” என்கிறார். அது பதில் இல்லை.

இரண்டாவது, வாட்ஸப். பாடத்துக்கு அடுத்த நாள், பிறகு நாலாம் நாள், பிறகு பத்தாம் நாள், பிறகு ஒரு மாதம் கழித்து என்று குரல் பதிவில் ஒரு கேள்வி அனுப்புவார். திட்டம் நல்லது, பலனும் கண்டேன். ஆனால் நேரம் இரவு 8! நண்டுக்கறியும் கணவாயும் மேசைக்குப் போகிற நேரத்தில் நாலு பேரின் போன் ஒன்றாகக் கத்தினால் எப்படி? இரண்டு முறை சொன்ன பிறகுதான் காலை 10க்கு மாற்றினார்.

மூன்றாவது, மொழி. மிஸ்ஸுக்குச் சிங்களம் கொஞ்சம்தான். சேருவிலப் பிள்ளைக்கு நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். நான் இல்லாத ஒரு செவ்வாய் அவள் ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டே இருந்தாளாம். இரண்டு மொழி ஆட்கள் வேலை செய்கிற ஊரில் இது சின்னக் குறை இல்லை. வரவேற்பு மேசைக்கும் அவரிடம் போதிய சரக்கு இல்லை. கோபத்தோடு வருகிற விருந்தினரைச் சமாளிக்கிறதைப் படிப்பிக்க, கொழும்புக்காரர்தான் கெட்டிக்காரர்; அந்த ஒரு மணித்தியாலத்துக்கு இப்போதும் 5 போடுவேன்.

கட்டணம் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவுக்கு, ஆறு பாடத்துக்கும் பின்தொடர்கிற கேள்விகளுக்கும் சேர்த்து 54,000 ரூபாய். நாங்கள் இரண்டு குழு எடுத்தோம், 108,000. கணக்கு வழக்கு பார்க்கிறவர்களையும் தோட்டக்காரரையும் சேர்க்கவில்லை. சாப்பாடு இல்லை, சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லை என்று இரண்டு பிள்ளைகள் என்னோடு கோபித்தார்கள், அது நியாயம்தான்; அடுத்த இடத்துக்கு வேலைக்குப் போனால் கேட்பார்களே.

பாடம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஆவணியில் ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல் மிஸ் மீன் வருகிற நேரத்துக்கு வந்து நின்றார். மூதூர்ப் பெடியன் மீனை வாங்கி, வெப்பமானியைக் குத்தி, கொப்பியில் 4 என்று எழுதி, ஐஸுக்குள் தாட்டு மூடினான். பிறகுதான் நிமிர்ந்து அவரைக் கண்டான். “மிஸ், தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டான்.

அவரைக் கூப்பிட நினைக்கிறவர்களுக்கு: தை மாதத்துக்குள் கதைத்து வையுங்கள், மாசிக்குப் பிறகு நிலாவெளிப் பக்கம் உள்ளவர்கள் எல்லா நாளையும் பிடித்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை வரமாட்டார், கோணேசர் கோயிலுக்குப் போகிற நாள். ஸ்கூட்டி நிற்பாட்ட நிழல் வேண்டும். தேத்தண்ணி சீனி போடாமல். ஐஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவர் கேட்க முதல் நீங்களே ஒருக்கால் பார்த்து வையுங்கள்.